வலென்சியாவுக்குப் போங்கள், ஆனால் செப்டம்பரில் வேண்டாம்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் இரண்டாம் ஆண்டு, நான்காவது செமஸ்டர் படிக்கிறேன். ஊர் பள்ளத்தூர். எங்கள் கல்லூரிக்கும் ஸ்பெயினில் உள்ள வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. வரும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு செமஸ்டர் அங்கே படிக்க என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற செலவெல்லாம் எங்களுடையது. அப்பா கல்லுக்கட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார். அம்மா 2024 வெள்ளத்தின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “இந்த ஊருக்கா போகப்போற?” என்று தினமும் கேட்கிறார். அப்பத்தா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். சித்தப்பாவோ, “அது பீச் ஊரு, டூர் போற எடம். அங்க போயி என்னத்தப் படிப்ப?” என்கிறார். சாப்பாடு, தனிமை, செலவு, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து தூக்கம் வரவில்லை. போகலாமா?
— பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்:

போகலாம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் அந்த ‘செப்டம்பர் முதல் ஜனவரி வரை’ என்பதில்தான். உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பயம் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். காலண்டரைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி ஒரு செமஸ்டர் போய்வரும் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலென்சியாவில் முதல் செமஸ்டர் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, தேர்வுகளோடு ஜனவரி கடைசியில் முடிகிறது. நம் ஊரில் ஐந்தாவது செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி டிசம்பருக்குள் தேர்வு முடிந்துவிடும். ஜனவரியில் ஆறாவது செமஸ்டர் வகுப்புகள் ஆரம்பம். அதாவது ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் நீங்கள் இங்கே எதிலும் சேராமல் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே ஜனவரியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே ஆறாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். பிப்ரவரி முதல் வாரம் வந்து சேர்ந்தால், பொங்கல் விடுமுறை போக இருபது வேலை நாளாவது போயிருக்கும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 சதவீத வருகைப் பதிவுக்கு நீங்கள் விடக்கூடியது 22 நாள். மிச்சம் இரண்டு நாள். மார்ச்சில் ஒரு காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது. இன்டர்னல் தேர்வும் ஒன்று தவறியிருக்கும்.

இதற்கு மாற்று இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது செமஸ்டர் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூனில் முடிகிறது. நம் ஆறாவது செமஸ்டரோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ஐந்தாவது செமஸ்டரை இங்கே முழுதாக எழுதி முடித்துவிட்டு, பொங்கலையும் வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்பலாம். திரும்பி வந்ததும் ஏழாவது செமஸ்டர். கேம்பஸ் வேலைவாய்ப்பு சூடுபிடிப்பது அப்போதுதான், அதற்கும் ஆள் இங்கே இருப்பீர்கள். ஆகவே இந்த வாரமே உங்கள் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எனக்குக் கொடுத்த இடத்தை இரண்டாவது செமஸ்டருக்கு மாற்ற முடியுமா? ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வருடத்துக்கு இத்தனை இடம் என்றுதான் இருக்கும், எந்த செமஸ்டர் என்று கறாராக இருக்காது. கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்போது ஆறாவது செமஸ்டர் வருகைப் பதிவுக்கும் விடுபட்ட இன்டர்னலுக்கும் என்ன ஏற்பாடு என்று துறைத் தலைவரும் முதல்வரும் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்று சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நீங்கள் திரும்பி வரும்போது அவர் அந்த நாற்காலியில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். கடிதம் கிடைக்காவிட்டால் இந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள் என்பேன். மேற்படிப்புக்குப் போகிற வழி பிறகும் திறந்தே இருக்கும்.

அடுத்தது பாடங்கள். அங்கே ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை என்பது 30 ஈசிடிஎஸ் கிரெடிட். ஈசிடிஎஸ் என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான பாட அளவு. ஒரு கிரெடிட்டுக்கு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து, 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மதிப்பெண் பத்துக்கு, தேர்ச்சி 5. அங்கே 7 வாங்குவது நல்ல மதிப்பெண். நம் ஊர் கிளார்க் அதை 70 சதவீதம் என்று எழுதினால் உங்கள் சிஜிபிஏ வீணாக அடிவாங்கும். எனவே எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்று கிளம்புவதற்கு முன்பே ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ எனும் பாட ஒப்பந்தத்தோடு ஒரு தாளில் எழுதி, துறையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியா, தன்னாட்சிக் கல்லூரியா என்பதைப் பொறுத்து ஒப்புதல் தர வேண்டியவர் மாறுவார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு மாணவர் அங்கே எல்லாப் பாடத்திலும் தேறி வந்தார். இங்கே, “இந்த சிலபஸ் நம்மோடு ஒத்துவரவில்லை” என்று இரண்டு பாடத்தை மீண்டும் எழுத வைத்தார்கள். போகும்முன் ஒரு மாலை நேரம் செலவழித்து சிலபஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த வேலை மிச்சம்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அந்த மாநிலத்தில் ஸ்பானிஷும் வலென்சிய மொழியும் ஆட்சி மொழிகள். ஒரே பாடம் மூன்று பிரிவாகக்கூட நடக்கும். ஒன்று ஸ்பானிஷில், ஒன்று வலென்சிய மொழியில், சிலவற்றுக்கு மட்டும் ஆங்கிலத்தில். பாடத்தின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு டிக் அடித்தால் முதல் நாள் வகுப்பில் ஒன்றும் புரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். எந்தப் பிரிவு, எந்த மொழி என்று பார்த்துப் போடுங்கள். ஆங்கிலத்தில் ஐந்து பாடம் கிடைக்காவிட்டால் நான்கோடு நிறுத்திக்கொண்டு, ஐந்தாவதை ஆன்லைனிலோ ஏழாவது செமஸ்டரிலோ முடிக்க இங்கே அனுமதி கேளுங்கள்.

இனி சித்தப்பா. பீச் ஊர் என்பது உண்மைதான். உங்கள் வளாகத்திலிருந்து மால்வரோசா கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் சிவில் படிக்கிற பிள்ளைக்கு, அதுவும் செட்டிநாட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு, ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து குறைவு. காரணம் தண்ணீர்.

அந்த நகரின் நடுவே துரியா என்ற ஆறு ஓடியது. 1957 அக்டோபரில் அது பெருகி ஊரை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புது வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இப்போது சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா. மேலே பழைய கல்பாலங்கள் அப்படியே நிற்கின்றன, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் ‘வெள்ளத் திசைதிருப்பு’ என்று ஒரு பத்தியில் படிப்பதை அங்கே சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். 2024-இல் அந்தப் புது வாய்க்கால் நகரின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா, கத்தரோகா போன்ற ஊர்களை வேறொரு ஓடை அடித்துக்கொண்டு போனது. எங்கே சரியாகத் திட்டமிட்டார்கள், எங்கே வெள்ளப்பாதையில் வீடு கட்டவிட்டார்கள் என்பதை அந்த ஊர்ப் பேராசிரியர்கள் இப்போது இரவு பகலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே நீர், சுற்றுச்சூழல் பொறியியலுக்கென்று ‘இயாமா’ என்றொரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இன்னொன்று. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் 12 மணிக்கு வலென்சியா கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அவர்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம். பல நூற்றாண்டுகளாக நடக்கிறது, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிப் புகார் உண்டா என்று கேட்பார்கள். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அங்கேயே தீர்ப்பு. புகார் இல்லாத நாளில் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள், சுற்றுலாக்காரர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். உங்களுக்கு அப்படி இருக்காது என்று நினைக்கிறேன். நம் கண்மாய்களில் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி, அவருக்குக் களத்தில் அளக்கும் நெல், எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்ற முறை எல்லாம் உங்கள் அப்பத்தாவைக் கேட்டாலே சொல்வாரே. கூரை மழைநீரை வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) இறக்கி, தெருவோர வடிகால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோன ஊர்க்காரர் நீங்கள். இன்று அந்த வடிகால்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒரு பேராசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட் அதிலிருந்தே வந்துவிடும். பிறகு வேலைக்கான நேர்முகத்தில், “ஸ்பெயின்ல என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் சொல்வதற்குக் கையில் ஒரு விஷயம் இருக்கும். அது இல்லாமல் வந்தால் சித்தப்பா சொன்னதுதான் சரி.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். அது வெறும் பயம் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று சில மணி நேரத்தில் ஓராண்டு மழை கொட்டி, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கைப்பேசிக்கு அரசின் எச்சரிக்கை வந்தபோது இரவு 8 மணிக்கு மேல் ஆகிவிட்டது, பல தெருக்களில் அதற்குள் தண்ணீர் ஏறியிருந்தது. தரைத்தளத்தில் இருந்தவர்களும், காரை எடுக்க நிலத்தடி கேரேஜுக்கு இறங்கியவர்களும்தான் அதிகம் சிக்கினார்கள். அந்தக் கரையில் இந்த மாதிரிப் பேய்மழைக்குக் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நம் வடகிழக்குப் பருவமழை மாதிரி. பிப்ரவரியில் போவதற்கு இது இன்னொரு காரணம். எந்த மாதம் போனாலும், புது வாய்க்காலுக்குத் தெற்கே அறை எடுக்க வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம். வானிலைத் துறையான ஏமெட்டின் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் வகுப்பு இருந்தாலும் வெளியே இறங்காதீர்கள். 2024-இல் அங்குள்ள இன்னொரு பல்கலைக்கழகம் எச்சரிக்கையைப் பார்த்து அன்றைய வகுப்புகளை முன்கூட்டியே நிறுத்தியது. அவசர எண் 112. கடலில் இறங்குவதானால் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் வேண்டாம். அம்மாவிடம் இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட, வாடகைக்குப் பார்க்கும் அறையையும் ஆற்றையும் வரைபடத்தில் காட்டுங்கள். மாடியில், ஆற்றுக்கு வடக்கே, வளாகத்துக்குப் பக்கத்தில் என்று கண்ணால் பார்த்தால் பாதி பயம் குறையும்.

அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம். அவர் அப்பா ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, கடல் தாண்டிப் போவது என்றால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றுதான் படும். அந்தக் காலத்தில் வட்டிக்கடைகளில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர்கள்கூட மூன்று வருஷக் கணக்கில்தான் போனார்கள். நீங்கள் போவது ஐந்து மாதம். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தேதியைப் பார்த்துவிட்டால் அவரே பலகாரப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்.

பணம். யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு அறை மாதம் 400 யூரோ வாக்கில், நீங்களே சமைத்தால் சாப்பாட்டுக்கு 200, பஸ்ஸும் போனும் 50, இதர செலவு 100. மாதம் 750, ஐந்து மாதத்துக்கு 3,750. அதோடு விமான டிக்கெட், விசா, காப்பீடு, ஒரு மாத முன்பணம் எல்லாம் சேர்த்தால் ஐந்தேகாலிலிருந்து ஐந்தரை லட்சத்தில் நிற்கும். உங்கள் கல்லூரி ஒப்பந்தம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் நிதியில் வருகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்படி வந்தால் மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகை, பயணப்படி தனி. ‘செலவெல்லாம் எங்களுடையது’ என்று நீங்கள் எழுதியிருப்பதால் இது வேறு ஒப்பந்தமாக இருக்கலாம். ஆனாலும் அந்த நிதிக்கான இடங்களைச் சில சமயம் தனியாக அறிவிப்பார்கள்.

நகையை அடகு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வங்கியில் வைத்தால். இடத்தை விற்பது, கைமாற்று வாங்குவது எல்லாம் ஒரு செமஸ்டருக்குத் தகாது. ஏற்கெனவே கல்விக் கடன் இருந்தால் அதே கிளையில் இந்தச் செலவையும் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: விசாவுக்கு, தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 600 யூரோ என்ற அளவில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் முந்தின வாரம் அப்பாவின் கணக்கில் ஒரே நாளில் நாலு லட்சம் வந்து விழுந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அடகு வைப்பதானால் முன்கூட்டியே வைத்து, அந்த ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். கடையின் வருமான வரிக் கணக்கு மூன்று வருடத்துக்கு இருந்தால் அதைவிட நல்லது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை, உங்கள் செலவு அதற்குள் அடங்கிவிடும். அங்கே போய்ப் பகுதிநேர வேலை பார்த்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் தெரியாமல், ஐந்து மாதத்தில், அது நடக்கிற காரியம் இல்லை.

விசா விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. உங்களுக்கு வேண்டியது நீண்டகால மாணவர் விசா, 90 நாள் சுற்றுலா விசா இல்லை. தங்குவது 180 நாளைத் தாண்டாமல் தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். தாண்டினால் போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, அங்கே போய் அடையாள அட்டை என்று வேலை பெருகும். சேர்க்கைக் கடிதம் வந்ததும், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே சென்னையில் விண்ணப்பத்துக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

அறைக்கு: கடலைப் பார்த்த ஜன்னலுக்கு ஆசைப்படாதீர்கள். கடற்கரைத் தெருக்களில் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். ஜூன் பிறந்தால் மாணவர்களைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு, உங்கள் தேர்வோ ஜூனில்தான் முடியும். வளாகத்தை ஒட்டிய பெனிமாக்லெத் பகுதி மாணவர்களுக்குத் தோதானது. பார்க்காமல் முன்பணம் அனுப்பவே வேண்டாம். முதல் பத்து நாள் பல்கலைக்கழகத்தின் விடுதியிலோ பயணிகள் தங்கும் ஹாஸ்டலிலோ இருந்துகொண்டு நேரில் பார்த்து எடுங்கள். அங்குள்ள பழைய வீடுகளில் தரை முழுக்க ஓடு பதித்திருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் மாதிரி அழகாக இருக்கும், பிப்ரவரியில் காலை வைக்க முடியாது. வெளியே வெயில் இருந்தாலும் வீட்டுக்குள் ஜில்லென்று இருக்கும், பல வீடுகளில் சூடேற்றும் வசதி இல்லை. கனமான சாக்ஸும், படுக்கைக்கு ஒரு நல்ல கம்பளியும் கட்டாயம்.

சாப்பாட்டில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் போகிற இடம் அரிசி விளையும் ஊர். நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்கள்தான். பாயெயா என்ற அவர்களுடைய சோற்றைக் கோழி, முயல், அவரை வகைகள் போட்டு அகலச் சட்டியில் செய்வார்கள். நம் நாக்குக்கு உறைப்பு போதாது, மற்றபடி இறங்கும். பருப்பு, கொண்டைக்கடலை எல்லாக் கடையிலும் கிடைக்கும். வளாகத்துக்கு வடக்கே அல்போராயாவில் ஓர்ச்சாட்டா என்று ஒரு பானம் விற்பார்கள். கோரைக்கிழங்கு வகை ஒன்றிலிருந்து பிழிந்த பால், மாட்டுப்பால் கலக்காதது. ஒருமுறை குடித்துப் பாருங்கள், ஜூனில் அதை விட மாட்டீர்கள்.

பெட்டி கட்டும்போது அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே உப்புக்கண்டம் வேண்டாம், நெய் டப்பா வேண்டாம், பால்கோவா வேண்டாம். சுங்கத்தில் பிடித்தால் குப்பையில் போட்டுவிடுவார்கள், அபராதமும் போடலாம். பச்சைக் கருவேப்பிலையும் கூடாது. அது ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி, அதில் ஒட்டிவரும் பூச்சி ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பக்கூடியது. நீங்கள் போவதோ ஆரஞ்சுத் தோட்டங்களால் வாழும் பூமி. காயவைத்து இடித்த கருவேப்பிலைப் பொடி, குழம்புப்பொடி, புளி, வரமிளகாய், பெருங்காயம், எண்ணெயில் சுட்ட தேன்குழல், சீப்புச்சீடை எல்லாம் போகலாம். குக்கர் சின்னதாக ஒன்று கொண்டுபோங்கள், அங்கே மின்சார அடுப்பு. அடிப்பாகம் தட்டையாக, இண்டக்ஷனுக்கு ஒத்துவருவதாகப் பார்த்து வாங்குங்கள். பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தனிமை வரும். முதல் மூன்று நான்கு வாரம்தான் கஷ்டம், அதில் ஞாயிற்றுக்கிழமைகள் மோசம். கடைகள் பலவும் மூடியிருக்கும், உடன் தங்கியிருப்பவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த நாளை முதல் வாரத்திலேயே எதனாலாவது நிரப்பிவிடுங்கள்; துரியா பூங்காவில் நடக்கப் போவதோ, பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்து போகும் பயணமோ, எதுவானாலும் சரி. மார்ச் பிறந்தால் ஊரே மாறிவிடும். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகராட்சி சதுக்கத்தில் ஃபாயாஸ் திருவிழாவின் வெடி. கடைசி நாள் ராத்திரி தெருத்தெருவாகப் பெரிய பெரிய பொம்மைகளைக் கொளுத்துவார்கள். அந்தச் சில நாள் வகுப்பு இருக்காது, தூக்கமும் இருக்காது. கூட்டத்தில் போனையும் பர்ஸையும் முன்பையில் வையுங்கள், பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு நகலோடு போங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் இப்போதே முடிவுசெய்துகொள்வது நல்லது. அங்கே ராத்திரிச் சாப்பாடே ஒன்பது மணிக்குத்தான், ஜூனில் சூரியன் மறைவதும் ஒன்பதரைக்கு. நீங்கள் ஓய்ந்து உட்கார்ந்து போனை எடுக்கும்போது பள்ளத்தூரில் நடுநிசி தாண்டியிருக்கும். அம்மா தூங்காமல் காத்திருப்பார், மறுநாள் முழுக்க உங்களைப் பற்றிய கவலை கூடும். அங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு. அப்போது இங்கே குளிர்காலத்தில் மாலை ஆறரை, மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஐந்தரை. அந்த நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் போதும், ராத்திரி எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியாக உங்கள் பெயர். பெயர் வேண்டாம் என்று எழுதியதால் எனக்குத் தெரியாது, ஆனால் நம் ஊர்ப் பிள்ளை என்றால் முன்னால் ஒரு இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா, அப்பா பெயர் அங்கே இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அவர்கள் படிவத்திலும் இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, சேர்க்கைக் கடிதம், காப்பீடு, டிக்கெட் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்து எழுதி ஓரிடத்தில் சுருக்கியதால் விசா தாமதமாவது அடிக்கடி நடக்கிறது. பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பிப்ரவரிப் பயணம் என்றால் அதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

பாடப் பட்டியல் கைக்கு வந்ததும், உங்கள் ஆறாவது செமஸ்டர் சிலபஸோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எதற்கு எதை ஈடாகக் கேட்கலாம் என்று பார்த்துக் குறித்துத் தருகிறேன்.